வேலி போட்டாயிற்று, காவல் எப்படி? மலையில் கருவி செய்பவர்களுக்கு ஒரு காப்புரிமை வழிகாட்டி

மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டுக் குன்னூருக்கு வரும் ரயில் கல்லாற்றைத் தாண்டியதும், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பல்சட்டம் தொடங்கும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மலை ஏறுகிறது. இதற்கு 'ஆப்ட்' முறை என்று பெயர். அது ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று பக்கத்து இருக்கைக்காரர் தம் பிள்ளைக்கு விளக்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1882-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே ரிக்கன்பாக் என்பவர் 1863-இல் பிரான்சில் இன்னொரு பல்சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆப்ட் அவரிடம் வேலை பார்த்தவர்தான். ரிக்கன்பாக்கின் சட்டம் ஏணி போன்றது: இரண்டு பக்கச் சட்டங்கள், நடுவே குறுக்குக் கம்பிகள். ஆப்ட் ஏணியை விட்டுவிட்டார். பல் வெட்டிய பட்டைகளை அருகருகே நிறுத்தி, ஒன்றில் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம் வருமாறு தள்ளிவைத்தார். ஏதாவது ஒரு பல் எப்போதும் சக்கரத்தின் பிடியில் இருக்கும். ஒரே வேலைக்கு இரண்டு வழிகள், இரண்டு காப்புரிமைகள்.

சென்னையில் பல ஆண்டுகள் காப்புரிமை முகவராக இருந்துவிட்டு நான் குன்னூருக்கே திரும்பி வந்தவன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கருவி செய்பவர்கள், கேரட் கழுவும் இயந்திரம் செய்பவர்கள், தைலம் காய்ச்சும் அடுப்பை மாற்றியமைத்தவர்கள், பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு இரவில் தங்களுக்கென்று எதையாவது உருவாக்கும் பிள்ளைகள் என்று பலர் வருகிறார்கள். பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "நான் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார், என்ன செய்வது?" என்பது ஒன்று. "என் பெயருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது?" என்பது மற்றொன்று. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்த இரண்டையும் அன்றாட வேலையாகச் செய்கின்றன. அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்களுடைய ஒழுங்கில் பாதியைச் செலவில்லாமலே பின்பற்றலாம்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

காப்புரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமை. நீங்கள் செய்து விற்பதற்கான அனுமதிச்சீட்டு அது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கருவிக்குள் வேறொருவரின் காப்புரிமை பெற்ற பாகம் இருந்தால், உங்களிடம் காப்புரிமை இருந்தாலும் அவர் உங்களைத் தடுக்க முடியும். இந்தியாவில் அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். சீனாவில் செய்து சீனாவிலேயே விற்பவரை அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பொருள் இங்கே இறக்குமதியாகும்போதுதான் அது உங்கள் பிடிக்குள் வரும்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், தவறில்லை. ஆனால் வழக்கில் பேசப்போவது சான்றிதழ் அல்ல. ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரிக்கைகள்தான் பேசும். ஒவ்வொன்றும் ஒரே நீண்ட வாக்கியம். எல்லைக்கல் அங்கேதான் நடப்பட்டிருக்கிறது. தேயிலைக் கொழுந்தை வாட்டும் கருவிக்கு ஓர் உதாரணம் எழுதிக் காட்டுகிறேன்:

"வாட்டும் தொட்டியில் பரப்பிய கொழுந்தின் ஈரப்பதத்தை அளக்கும் உணரி ஒன்றும், அத்தொட்டியின் எடைக் குறைவை அளக்கும் எடைக்கருவி ஒன்றும், அவ்விரு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும், அப்பெட்டியின் ஆணைப்படி வேகம் மாறும் விசிறி ஒன்றும் கொண்ட அமைப்பு."

இதில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. ஒரு தாளில் நான்கு வரிசை போட்டு, இடப்பக்கம் இந்த நான்கையும் சொல் மாறாமல் எழுதுங்கள். நடுவில், எதிராளியின் கருவியில் அதற்கு இணையாக இருப்பதை எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கான சான்று: புகைப்படம், விளக்கக் கையேட்டின் பக்கம், பிரித்துப் பார்த்த பாகம். ஈரப்பத உணரி இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. விசிறியும் இருக்கிறது. எடைக்கருவி இல்லை, அவர் ஒரு கடிகாரத்தை வைத்து, இத்தனை மணி நேரம் என்று ஓட்டுகிறார். நான்கில் மூன்று பொருந்துகிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஓர் உறுப்பு இல்லையென்றால் சொல்லுக்குச் சொல் மீறல் இல்லை. அந்த வேறுபாடு வெறும் வேடம்தான், கண்டுபிடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு அற்பமான ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டிய பாடு உங்களுடையது. எடையும் நேரமும் ஒன்று என்று வாதாடுவது கடினம்.

பெரிய நிறுவனங்களில் இந்த நான்கு வரிசைத் தாள் இல்லாமல் ஒரு கடிதம்கூட வெளியே போகாது. சிறியவர்கள் நேரே வக்கீலிடம் போய் "கொள்ளையடித்துவிட்டான் ஐயா" என்று தொடங்குகிறார்கள். கோபத்தை ஒரு நாள் தள்ளிவைத்துத் தாளை நிரப்புங்கள். பாதிப் பேருக்கு வழக்கே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

காட்டுவதற்கு முன் விண்ணப்பியுங்கள்

இதில் என் கை சுட்டிருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஓர் இளைஞர் நல்ல கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்தேன். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தபோது, அதில் முதல் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது அவருடைய சொந்தக் காணொளி! விண்ணப்பத்துக்கு ஐந்து மாதம் முன்பு ஒரு கண்காட்சியில் கருவியை ஓட்டிக் காட்டி, அதை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார். யாராவது கேட்டால்தானே சொல்வார்? நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது என் வேலை. விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால், அது புதியதல்ல என்று ஆகிவிடும்.

அரசு அதிகாரபூர்வமாக அறிவித்த கண்காட்சிகளில் காட்டியிருந்தால் மட்டும், பிறகு விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை உண்டு. கோடை விழாவில் போட்ட கடைக்கெல்லாம் அது பொருந்தாது. அவசரமென்றால் தற்காலிக விவரணத்தை, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல் ஆவணத்தை, தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரணத்துக்கு 12 மாத அவகாசம் இருக்கிறது. தனிநபருக்கும் பதிவுபெற்ற புத்தொழில் நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600, பரிசோதனைக் கட்டணம் ரூ.4,000. பெரிய நிறுவனங்கள் இதைப்போல ஐந்து மடங்கு கட்டுகின்றன. தமிழ்நாட்டவருக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பிக்க அங்கே போக வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் கண்டுபிடிப்பதெல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி பெரும்பாலும் இருக்கும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை: சட்டத்தின் 3-ஆவது பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவில் மட்டும் காப்புரிமைக்கு உரியதல்ல என்கிறது. கணக்கு வழிமுறைகளுக்கும் வணிக முறைகளுக்கும் அதே கதிதான். உங்கள் நிரல் ஒரு கருவியில் தொழில்நுட்ப விளைவு ஒன்றை உண்டாக்குகிறது என்று காட்ட முடிந்தால் வழி பிறக்கும்.

காவல் காப்பது

காப்புரிமை அலுவலகம் உங்களுக்காக ரோந்து வராது. மீறலைக் கண்டுபிடிப்பது உரிமையாளரின் பாடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்தின் இதழ் இணையத்தில் இலவசமாக வெளியாகிறது. சாதாரணமாக ஒரு விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதம் கழித்து அங்கே வெளியிடப்படும். உங்கள் துறைச் சொற்களை வைத்து மாதம் ஒருமுறை தேடினால், போட்டியாளர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று தெரிந்துவிடும். 'இன்பாஸ்' என்ற அரசுத் தேடுதளத்தில் எந்தக் காப்புரிமையின் நிலையையும் பார்க்கலாம்.

உங்கள் கருவியின் மீது காப்புரிமை எண்ணைப் பொறித்துவிடுங்கள். 'காப்புரிமை பெற்றது' என்ற சொல் மட்டும் போதாது, எண் வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் காப்புரிமை இருப்பது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று எதிராளி நிரூபித்துவிட்டால் அவரிடம் இழப்பீடு வாங்க முடியாது. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு 'காப்புரிமை பெற்றது' என்று பெயர்ப்பலகையில் அடிப்பவர்களையும் பார்க்கிறேன். பொய்யாக அப்படிப் போட்டுக்கொண்டால் இப்போது ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். 'விண்ணப்பம் நிலுவையில்' என்று உண்மையைப் போடுங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு முதல் சில ஆண்டுகள் ரூ.800-தான். அதை மறந்து காப்புரிமையைச் சாகவிட்டவர்கள் என் கணக்கில் ஐந்து பேர். காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்கலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் செய்தவர்கள்மீது கைவைக்க முடியாது.

கடிதம் போடும் முன்

எதிராளியின் கருவியைக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். நண்பரின் தொழிற்சாலையில் இரவல் பார்த்தது சான்றாகாது. உறை பிரிப்பதிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படமெடுங்கள். உரிமை உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டாளியிடமிருந்து வாய்மொழியாக வாங்கிய உரிமை செல்லாது, எழுத்தில் வேண்டும்.

பிறகு, உங்கள் காப்புரிமையை நீங்களே எதிரியின் கண்ணால் தாக்கிப் பாருங்கள். வழங்கப்பட்டுவிட்டது என்பதால் அது செல்லும் என்ற உத்தரவாதம் இந்தியச் சட்டத்தில் இல்லை. பித்தளைப் பாத்திரங்களைக் கடைசலுக்குப் பிடித்துவைக்கும் முறை ஒன்றுக்கு 1950-களில் வழங்கப்பட்ட காப்புரிமை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடிய மாற்றம்தான் அது, கண்டுபிடிப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்று 1978-இல் நீதிமன்றம் முடித்துவிட்டது.

கடிதத்தின் தொனியிலும் கவனம் வேண்டும். ஆதாரமில்லாமல் மிரட்டினால், சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி மிரட்டப்பட்டவரே உங்கள்மேல் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். 'எங்களிடம் இந்த எண்ணுள்ள காப்புரிமை இருக்கிறது' என்று அறிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. பெரிய நிறுவனங்களின் முதல் கடிதம் எப்போதும் மோர்க்குழம்பு மாதிரி மிதமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்த மிதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் தடையல்ல, உரிமக் கட்டணம். செல்பேசிகளில் இது வெளிப்படை. எல்லாக் கைபேசிகளும் ஒரே தகவல்தொடர்புத் தரத்தில் பேச வேண்டும். அந்தத் தரத்துக்குள்ளேயே சிலருடைய காப்புரிமைகள் இருக்கின்றன. தவிர்க்க வழியில்லாத அவற்றை, நியாயமான, பாரபட்சமற்ற கட்டணத்துக்கு எல்லோருக்கும் தருவதாக அவர்கள் முன்பே வாக்களித்திருப்பார்கள். எது நியாயம் என்பதில்தான் சண்டை. எரிக்சன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் லாவா என்ற கைபேசி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2024 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் லாவா ரூ.244 கோடி தர வேண்டும் என்றது. நம் அளவில் இதன் பாடம் எளிது: எதிராளியிடம் நல்ல விற்பனை வலை இருந்தால், ஒரு கருவிக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசிப் பாருங்கள்.

நீதிமன்றப் படி ஏறினால்

அவசரத் தடை கேட்காத வழக்கென்றால், வணிக நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ் தொடுக்க முடியாது. எதிராளி 'இந்தக் காப்புரிமையையே ரத்துசெய்' என்று எதிர்க்கோரிக்கை வைத்துவிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. ஆகவே ஊட்டியில் தொடங்கினாலும் சென்னைச் செலவைக் கணக்கில் வையுங்கள்.

எல்லோர் கண்ணும் இடைக்காலத் தடையின் மேல்தான். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் வலு உண்டா, தடை தந்தால் யாருக்கு அதிகப் பாதிப்பு, பிறகு பணத்தால் ஈடுசெய்ய முடியாத நட்டமா என்ற மூன்றையும் நீதிபதி எடைபோடுவார். காப்புரிமையின் செல்லுபடியைப் பற்றி எதிராளி நம்பத்தகுந்த ஐயம் எழுப்பிவிட்டால் தடை கிடைப்பது அரிது.

நம் மாநிலத்தில் நடந்த பஜாஜ்–டிவிஎஸ் வழக்கைப் போல இதைக் கற்றுத்தர வேறில்லை. ஒரு சிலிண்டரில் இரண்டு தீப்பொறிச் செருகிகள் வைக்கும் என்ஜினுக்கு பஜாஜ் 2002-இல் விண்ணப்பித்து 2005-இல் காப்புரிமை பெற்றது. டிவிஎஸ் 2007-இல் 'ஃபிளேம்' என்ற வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு செருகிகள். ஆனால் வால்வுகள் மூன்று. பஜாஜின் உரிமைக்கோரிக்கையில் இருந்தது இரண்டு வால்வு. டிவிஎஸ் சும்மா காத்திருக்கவில்லை. ஆதாரமற்ற மிரட்டல் என்று 106-ஆவது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பஜாஜ் அங்கேயே மீறல் வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை கொடுத்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் சரியான கணக்கு வைக்க வேண்டும், விசாரணையை விரைந்து முடியுங்கள் என்றது. கடைசியில் இரு நிறுவனங்களும் 2019-இல் சமரசமாகப் போயின. பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மாதிரி பிறந்து, ஓடி, மறைந்தே போய்விடும்.

ஆப்பிளும் சாம்சங்கும் 2011 முதல் 2018 வரை மோதிவிட்டு அப்படித்தான் பேசி முடித்தன. ஆகவே வழக்குப் போடும்போதே சமரசத்துக்கு எந்த இடத்தில் இறங்குவது என்று வீட்டில் ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால்

கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் கழுவும் உருளை செய்யும் அண்ணன் ஒருவர், சமவெளி நிறுவனம் ஒன்றின் நோட்டீஸோடு வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நான் இதை எத்தனையோ வருடமாகச் செய்கிறேன், இவர்கள் யார்?" என்றார். நல்ல வேளையாக, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டியிருக்கவில்லை.

நோட்டீஸைக் கிழிக்காதீர்கள், உறையையும் வைத்திருங்கள், தபால் முத்திரையின் தேதி தேவைப்படும். 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்று எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். அன்றைக்கே இன்பாஸில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்: உயிரோடு இருக்கிறதா, கட்டணம் கட்டியிருக்கிறார்களா, வெறும் விண்ணப்பம்தானா? வழங்கப்படும் வரை அவர்கள் வழக்குப் போட முடியாது. வழங்கிய பிறகு, விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து இழப்பீடு கேட்கலாம். உங்களுக்குத் தெரியாமல் ஒருதலையாகத் தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் 'எங்களைக் கேட்காமல் உத்தரவிடாதீர்கள்' என்று வக்கீல் மூலம் கேவியட் மனு போடுங்கள். அது 90 நாள் செல்லும்.

பிறகு அதே நான்கு வரிசைத் தாள், இம்முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. அண்ணனுடைய உருளையில் எல்லாமே பொருந்தியது. சுழலும் கம்பிவலை உருளை, அதற்குள் நீள வாக்கில் துளையிட்ட நீர்க்குழாய், சரிவான வெளியேறும் வாய், எதுவும் தப்பவில்லை. ஆகவே, அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே இது ஊருக்குத் தெரிந்ததா என்று தேட வேண்டியதாயிற்று. பழைய பட்டறை ரசீதுகளில் 'கேரட் மிசின் 1' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உள்ளே குழாய் இருந்ததை ரசீது சொல்லாதே. மூன்று வாரம் கழித்து அவருடைய மகள், ஒரு நாளிதழின் பழைய மாவட்டப் பக்கத்தைக் கொண்டுவந்தார். கேரட் விலை சரிந்த செய்தி. மூட்டைமேல் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் விவசாயிக்குப் பின்னால் உருளை நின்றது. திறந்த வாயின் வழியே துளைக் குழாய் பளிச்சென்று தெரிந்தது. அந்த நிறுவனம் விண்ணப்பிக்க நான்கு ஆண்டுகள் முந்தைய தேதி. படத்தை இணைத்து இரண்டு பக்கப் பதில் எழுதினோம். மறுகடிதம் வரவில்லை.

தேயிலைக் கருவிகளுக்குக் குன்னூரில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கத்தின் பழைய வெளியீடுகளைப் புரட்டிப் பாருங்கள். தோட்டக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவைத்தது கொஞ்சமல்ல.

இப்படிச் சான்று கிடைத்தால் பயன்படுத்த நான்கு வாசல்கள் இருக்கின்றன. காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழங்கிய செய்தி வெளியாகி ஓராண்டுக்குள் அக்கறையுள்ளவர் எதிர்க்கலாம். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. வழக்கே வந்துவிட்டால் எதிர்க்கோரிக்கை. முதல் வாசல்தான் மலிவு. வெள்ளிக்கிழமை இதழைப் பார்க்கச் சொன்னது அதற்கும்தான்.

சான்று கிடைக்கவில்லையா? ஆப்டைப் போலப் பாதையை மாற்றுங்கள். எடைக்கருவி கோரிக்கையில் இருந்தால், எடைக்கருவி இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள். மாற்றிய வடிவம் மீறல் ஆகாது என்று நீதிமன்றத்திடமே முன்கூட்டி அறிவிப்புக் கேட்க 105-ஆவது பிரிவு இடம் தருகிறது.

பணமுள்ளவர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: கேடயத்தையே விலைக்கு வாங்குவது. கூகுள் 2012-இல் 1,250 கோடி டாலருக்கு மோட்டோரோலா மொபிலிட்டியை வாங்கியதில், அதன் பல்லாயிரம் காப்புரிமைகள் பெரிய காரணம். 'நீ என்மேல் போட்டால் நான் உன்மேல் போடுவேன்' என்ற நிலை வந்துவிட்டால் இருவரும் உரிமத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எதையும் செய்யாமல் காப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் போடுபவரிடம் இது பலிக்காது. அவர்மேல் திருப்பி வழக்குப் போட, அவர் செய்து விற்கும் பொருளே இல்லையே. பிளாக்பெர்ரி நிறுவனம் 2006-இல் அப்படி ஒருவருக்கு 61.25 கோடி டாலர் கொடுத்தது. அந்தக் காப்புரிமைகளை அமெரிக்க அலுவலகம் மறுபரிசோதனை செய்து நிராகரித்துக்கொண்டிருந்த நேரம் அது. சேவையே நின்றுவிடும் என்ற அச்சம் காத்திருக்க விடவில்லை.

கிண்டி அலுவலகத்தின் விசாரணைகள் இப்போது காணொளியில் நடக்கின்றன. மலையில் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஐப்பசி மழையில் நான் வாதாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், இணையமும் அதோடு போயிற்று. இப்போதெல்லாம் விசாரணைக்கு முதல் நாளே மின்வாரியத்துக்குப் போன் போட்டு மறுநாள் மின்தடை உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம்மும் போட்டு வைத்திருக்கிறேன். விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வாதத்தைத் தாக்கல் செய்யலாம் என்பதால், பாதியில் அறுந்துபோனதை அதில் சேர்த்துவிடுங்கள்.